ஊர் நடத்தும் வகுப்பு

அரசு மருத்துவக் கல்லூரிகளில் செய்முறைத் தேர்வு நெருங்கினால் வார்டுகளில் ஒரு தேடல் தொடங்கும். இதய வால்வு சுருங்கியவர், மண்ணீரல் வீங்கியவர், பக்கவாதத்தில் ஒரு கை தளர்ந்தவர் என்று தேர்வுக்குத் தோதான நோயாளிகளை முதுநிலை மாணவர்கள் படுக்கை படுக்கையாகத் தேடுவார்கள். ஆள் குறைந்தால் பழைய நோயாளிகளுக்குப் போன் போகும். அவர்களும் வருவார்கள். சாப்பாடும் பஸ் காசும் கிடைக்கும். பழகிய டாக்டரிடம் மாத்திரைச் சீட்டையும் ஒரு முறை காட்டிவிட்டுப் போகலாம். இப்படி ஆண்டுக்கணக்கில் வந்துபோனவருக்குத் தன் நெஞ்சில் எந்த இடத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் முணுமுணுப்பு கேட்கும் என்பது அத்துபடி. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, வியர்த்துப்போய் நிற்கும் மாணவரிடம், "இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லிக் கேளு தம்பி" என்று மெல்லச் சொல்லிக்கொடுத்துக் கரையேற்றிய நோயாளிகளைப் பற்றிய கதை இல்லாத கல்லூரி தமிழ்நாட்டில் அபூர்வம்.

மாணவர் தேறிவிடுவார். சொல்லிக்கொடுத்தவர் 'லாங் கேஸ்' அல்லது 'ஷார்ட் கேஸ்' என்ற பெயரில் தேர்வுத்தாளில் இருப்பார்.

உள்ளூர் மக்களை மருத்துவக் கல்வியில் பங்கேற்க வைக்க வேண்டும் என்று இப்போது உலகெங்கும் பேசுகிறார்கள். மக்கள் அங்கே எப்போதும் இருந்துகொண்டுதான் இருக்கிறார்கள், தட்டிப் பார்க்கவும் அழுத்திப் பார்க்கவும் கிடைத்த உடம்புகளாக. யார் டாக்டராகலாம், அவர் எதைக் கற்க வேண்டும், கற்றதை மனிதரிடம் எப்படி நடத்திக் காட்டுகிறார் என்ற மூன்று விஷயங்களில் அவர்களுடைய வார்த்தை எடுபட்டதில்லை. சில நாடுகளில் அந்த வார்த்தைக்கு இடம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். என்ன நடந்தது என்பது பதிவாகியிருக்கிறது.

முதலில் ஒரு பழைய கணக்கு. 1961இல் கெர் ஒயிட் என்ற அமெரிக்க மருத்துவரும் சகாக்களும் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வயதுவந்த 1000 பேரை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதாவது உபாதை வருகிறது. அவர்களில் 250 பேர் மருத்துவரிடம் போகிறார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்கிறார்கள். பல்கலைக்கழக மருத்துவமனை வரை அனுப்பப்படுபவர் ஒரே ஒருவர். மருத்துவ மாணவர் படிப்பதோ அந்தப் பல்கலைக்கழக மருத்துவமனையில். அதாவது, மீதி 749 பேரின் நோயையும், அவர்கள் அதை வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்பதையும் காணாமலேயே ஒருவர் டாக்டராகிவிட முடியும்.

நம் ஊர் 'பெரிய ஆஸ்பத்திரி' சாதாரணக் காய்ச்சலுக்கும் கதவு திறப்பதால் இந்த விகிதம் இங்கே அப்படியே பொருந்தாது. ஆனாலும் வார்டில் படுத்திருக்கும் நோயாளி தன் வீட்டை விட்டு, வேலையை விட்டு, சமையலை விட்டு வந்து படுத்திருப்பவர். சர்க்கரை நோயுள்ள பெண்ணுக்கு, "அரிசியைக் குறைங்க, தினமும் நடங்க, இன்சுலினைக் குளிரில் வைங்க" என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடலாம். ரேஷன் அரிசிதான் மூன்று வேளைக்கும் என்பதும், நூறு நாள் வேலையில் அவர் நாள் முழுக்க நடந்தும் குனிந்தும் கிடக்கிறார் என்பதும், ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலின் பாட்டில் மண்பானைத் தண்ணீரின் குளுமையில் இருக்கிறது என்பதும் வீட்டுக்குப் போன மாணவருக்கே தெரியும். "மேலுக்கு முடியல", "கிறுகிறுன்னு வருது", "நெஞ்சு கரிக்குது" என்பவற்றுக்குப் பின்னால் எத்தனை விதமான நோய்கள் இருக்கக்கூடும் என்பதைப் பாடநூல் சொல்லித் தராது. அதைச் சொல்லித் தரும் தகுதி உள்ளவர்கள் அப்படிப் பேசுகிறவர்கள்தாம்.

சாதாரண மனிதருக்கு ஆசிரியர் வேலை கொடுக்கலாம் என்ற யோசனை வகுப்பறைக்குள் நுழைந்த கதையே சுவாரஸ்யமானது. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் இருந்தார். 1963இல், ஓவியர்களுக்கு மாடலாக நின்ற ஒரு பெண்ணுக்குத் தண்டுவட நோயாளியைப் போல நடக்கவும் பேசவும் தசையை விறைக்கவும் பயிற்சி கொடுத்து, மாணவர்கள் முன்னால் உட்காரவைத்தார். பரிசோதனை முடிந்ததும், மாணவர் எப்படி நடந்துகொண்டார், கை முரடாக இருந்ததா, சொன்னதைக் காதில் வாங்கினாரா என்று அந்தப் பெண் குறிப்பு எழுதிக் கொடுப்பார். பத்திரிகைகள் கேலி செய்தன. ஹாலிவுட் பக்கத்தில் இருக்கிறதே, வேறென்ன செய்வார்கள் என்கிற தொனி. சக பேராசிரியர்களும் ரசிக்கவில்லை. ஆனால் இன்று வட அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மருத்துவக் கல்லூரிகளின் செய்முறைத் தேர்வுகள் இத்தகைய 'நடிப்பு நோயாளிகள்' இல்லாமல் நடப்பது அரிது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கடைக்காரர்கள், இல்லத்தரசிகள் எனச் சுற்றுவட்டாரத்து மக்கள் மணிக்கணக்கில் கூலி பெற்றுக்கொண்டு இதைச் செய்கிறார்கள்.

அடுத்த சில ஆண்டுகளில், அயோவா பல்கலைக்கழகத்தில் இதைவிடத் துணிச்சலான காரியம் நடந்தது. பெண்ணுறுப்புப் பரிசோதனையைக் கற்பிக்க, பயிற்சி பெற்ற பெண்களே தங்கள் உடலைக் கொண்டு பாடம் நடத்தினார்கள். எங்கே வலிக்கிறது, எந்தச் சொல் கூச வைக்கிறது, எந்தக் கட்டத்தில் அனுமதி கேட்க வேண்டும் என்பதைப் பரிசோதனை நடந்துகொண்டிருக்கும்போதே சொன்னார்கள். படுத்திருப்பவரே ஆசிரியராகும்போது மாணவரின் கை தானாக மரியாதை கற்றுக்கொள்கிறது. ஒரு ஏழைப் பெண்ணைச் சுற்றி ஆறேழு மாணவர்கள் நின்று, கேட்காமலேயே கற்றுக்கொள்ளும் பிரசவ வார்டுகளை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இவையெல்லாம் கல்லூரிக் கட்டடத்துக்குள் நடந்தவை. ஓர் ஊரே, அல்லது ஒரு பெரும் நிலப்பரப்பே கல்லூரியாக மாறிய சோதனை கனடாவில் நடந்தது.

ஒண்டாரியோ மாகாணத்தின் வடபகுதி ஏறக்குறைய 8 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்கு. மக்கள்தொகை சுமார் 8 லட்சம்தான். நிக்கல் சுரங்கங்கள், மரம் வெட்டும் ஊர்கள், கணக்கற்ற ஏரிகள், அவற்றுக்கிடையே கிரீ, ஒஜிப்வே முதலிய பூர்வகுடி மக்களின் குடியிருப்புகள். அவற்றில் பலவற்றுக்குச் சாலை கிடையாது. சிறு விமானத்தில் போக வேண்டும். குளிர்காலத்தில் ஏரி உறைந்தால் அதன்மேல் பாதை போடுவார்கள். டொரண்டோ போன்ற தென்பகுதி நகரங்களில் படித்த டாக்டர்கள் இங்கே வரத் தயங்கினார்கள், வந்தவர்களும் நெடுநாள் தங்கவில்லை. எங்களுக்கென்று ஒரு மருத்துவக் கல்லூரி வேண்டும் என்று வடபகுதி ஊர்கள் நெடுங்காலம் கேட்டுக்கொண்டிருந்தன. 2005இல் வடக்கு ஒண்டாரியோ மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 30 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி விட்டுக் கனடாவில் தொடங்கப்பட்ட முதல் மருத்துவக் கல்லூரி அது. சட்பரியில் ஒரு வளாகம், தண்டர் பே நகரில் இன்னொன்று. இரண்டுக்கும் இடையே சாலை வழியாகச் சுமார் 1000 கிலோமீட்டர். முதல் ஆண்டில் 56 மாணவர்கள்.

கட்டடம் எழுவதற்கு முன்பே பாடத்திட்டத்துக்காக மக்களிடம் போனார்கள் என்பதுதான் இந்தக் கல்லூரியின் தனித்தன்மை. 2003இல் சூ செயின்ட் மேரி நகரில் டாக்டர்களும் செவிலியர்களும் ஊர்க்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்த பட்டறை நடந்தது. அதே ஆண்டு கெனோரா அருகே ஒரு பூர்வகுடிக் குடியிருப்பில் பூர்வகுடி மக்களுக்கென்றே தனியாக ஒரு கூட்டம். கனடாவில் அவர்களுக்கு மருத்துவத்தோடு உள்ள பழைய உறவு கசப்பானது. இனம் பார்த்துப் பிரித்துவைத்த 'இந்தியன் மருத்துவமனைகள்', குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பறித்துக்கொண்டு போன விடுதிப் பள்ளிகள் எல்லாம் அவர்கள் நினைவில் உள்ளவை. அந்த வரலாறு தெரியாத டாக்டர் வந்து மருந்து கொடுத்தால் போதாது. பிள்ளைகள் வந்து எங்களோடு இருந்து பார்க்கட்டும், எங்கள் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் வேண்டும் என்ற எதிர்பார்ப்புகளிலிருந்து பாடத்திட்டத்தின் ஒரு பகுதி உருவானது.

அதன்படி, முதலாண்டின் இறுதியில் மாணவர் ஒவ்வொருவரும் நான்கு வாரம் ஒரு பூர்வகுடிச் சமூகத்தில் தங்க வேண்டும். விருப்பப் பாடமாக இல்லை, கட்டாயம். பாதி நேரம் சிகிச்சை நிலையத்தில். பாதி நேரம் மீன்பிடிப்பு, சடங்கு, முதியோரின் கதை, பள்ளிக்கூடம், வெறும் வம்புப் பேச்சு. ஒவ்வோர் ஊரிலும் உள்ளூர்க்காரர் ஒருவரே ஒருங்கிணைப்பாளர். மாணவரை எங்கே தங்கவைப்பது, யாரிடம் அனுப்புவது, எந்தச் சடங்குக்குக் கூட்டிப்போகலாம், எதற்குக் கூடாது என்பதையெல்லாம் அந்த ஊர்தான் முடிவு செய்யும். முதலாண்டு மாணவரால் யாருக்கும் வைத்தியம் பார்க்க முடியாது. கொடுப்பதற்கு எதுவும் இல்லாமல், விருந்தாளியாக, தெரியாதவராக, சில சமயம் அந்த ஊர் மொழி புரியாதவராக நான்கு வாரம் இருக்க வேண்டும். டாக்டராகப்போகிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சியை ஒரு பேராசிரியர் கொடுத்துவிட முடியாது.

மூன்றாம் ஆண்டில் எட்டு மாதம் ஒரே ஊரில் வாசம். வழக்கமான கல்லூரியில் மாணவர் ஆறு வாரம் பிரசவம், ஆறு வாரம் குழந்தைகள், ஆறு வாரம் அறுவை என்று துறை துறையாக மாறுவார். நோயாளியைத் துண்டு துண்டாகப் பார்ப்பார். இங்கே அவர் ஒரு குடும்ப மருத்துவரின் கிளினிக்கில் உட்கார்ந்து, கர்ப்பிணியாக முதல் முறை வந்த பெண்ணின் பிரசவத்திலும் நிற்பார், பிறகு அந்தக் குழந்தையின் தடுப்பூசியன்றும் இருப்பார். மாலையில் கடையில் பால் வாங்கப் போனால் காலையில் பார்த்த நோயாளி வரிசையில் நிற்பார். "மாத்திரை ஒத்துக்கலை" என்று அங்கேயே சொல்லிவிடுவார்.

மாணவர்களைத் தேர்ந்தெடுப்பதிலும் ஊர் உள்ளே வந்தது. கனடாவின் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் எம்கேட் நுழைவுத்தேர்வை இந்தக் கல்லூரி கேட்பதில்லை. பட்டப்படிப்பு மதிப்பெண்ணோடு, விண்ணப்பதாரர் எங்கே வளர்ந்தார், வடபகுதியோடு என்ன உறவு என்பதற்கும் மதிப்பெண் உண்டு. நேர்காணலில் வேட்பாளர் பல சிறு அறைகளில் பலரைச் சந்திப்பார். மதிப்பெண் போடுகிறவர்களில் மருத்துவத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஊர்க்காரர்களும் இருப்பார்கள். என் அம்மாவை இந்தப் பிள்ளையிடம் நம்பி அனுப்புவேனா என்று யோசித்து மதிப்பெண் போடக்கூடியவர்கள் அவர்கள். விளைவாக, ஒவ்வோர் ஆண்டும் சேர்கிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வடக்கு ஒண்டாரியோவைச் சேர்ந்தவர்கள்.

பலன்? இளநிலைப் படிப்பையும் அதற்குப் பிந்தைய பயிற்சியையும் இந்தக் கல்லூரியிலேயே முடித்தவர்களில் மிகப் பெரும்பாலோர், பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு, வடக்கு ஒண்டாரியோவிலேயே பணியாற்றுகிறார்கள் என்று அதன் முதல் தலைவர் ரோஜர் ஸ்ட்ராசரும் சக ஆய்வாளர்களும் எழுதியிருக்கிறார்கள். குடும்ப மருத்துவத்தைத் தேர்வு செய்தவர்களின் விகிதம் கனடாவின் சராசரியைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால், ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்தால் ஊரில் தங்கத்தானே செய்வார்கள், நான்கு வாரமும் எட்டு மாதமும் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது, தேர்வின் பலனையும் பயிற்சியின் பலனையும் சுத்தமாகப் பிரித்துக் காட்டுவது கடினம். கிராமப்புற மாணவர் சேர்க்கை, நகரத்துக்கு வெளியே கல்லூரி, கிராமத்தில் பயிற்சி ஆகிய மூன்றையும் சேர்த்தே செய்யச் சொல்லி 2010இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது: வடக்கு ஒண்டாரியோவில் இன்றும் நூற்றுக்கணக்கான டாக்டர் பணியிடங்கள் காலி. ஒரு கல்லூரி எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. 2022இல் அது தனிப் பல்கலைக்கழகமாகி, இப்போது மாணவர் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டிருக்கிறது.

பெரிய மருத்துவமனையை விட்டு வெளியே படித்தால் தரம் குறையாதா என்ற சந்தேகம் எங்கும் எழுகிறது. ஆஸ்திரேலியாவின் ஃப்ளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1997 முதல் ஒரு சிறு குழு மாணவர்களை முர்ரே ஆற்றோரப் பழத்தோட்டப் பகுதியான ரிவர்லேண்டுக்கு ஓர் ஆண்டு முழுவதற்கும் அனுப்பியது. அவர்களுடைய தேர்வு மதிப்பெண்ணை அடிலெய்டின் பெரிய மருத்துவமனையில் படித்த வகுப்புத் தோழர்களின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்ட ஆய்வு 2004இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வெளிவந்தது. சிற்றூரில் படித்தவர்கள் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள்.

பணக்கார நாடுகளால் முடியும், நம்மால் முடியுமா என்பவர்கள் பிலிப்பைன்ஸின் தென்கோடியில் உள்ள சம்போவாங்காவைப் பார்க்கலாம். வறுமையும் ஆயுத மோதலும் நிறைந்த அந்தப் பகுதியில் 1994இல் உள்ளூர் டாக்டர்கள் கூடி ஒரு மருத்துவக் கல்லூரி தொடங்கினார்கள். பாடம் நடத்தியவர்கள் சம்பளம் வாங்கவில்லை. மாணவர்கள் முதலாண்டிலிருந்தே குறிப்பிட்ட ஊர்களுக்குப் போய், ஊர் மக்களோடு உட்கார்ந்து அங்குள்ள முதன்மைப் பிரச்சினை எது என்று முடிவு செய்து, அதே ஊருக்குத் திரும்பத் திரும்ப வந்து வேலை செய்தார்கள். குடிநீர்க் குழாயோ கழிப்பறையோ, ஊர் எதைக் கேட்டதோ அது. கடைசி ஆண்டு ஏறக்குறைய முழுவதும் ஊரில்தான். படித்து முடித்தவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் அந்த வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். டாக்டர் உள்ள நகராட்சிகளின் எண்ணிக்கை 55 சதவீதம் கூடியது. சிசு இறப்பு விகிதம் அங்கே சுமார் 90 சதவீதம் குறைந்தது. நாட்டளவில் அதே விகிதத்தின் சரிவு 50 சதவீதம் அளவுக்கே. இந்தப் புள்ளிவிவரங்களை 2012இல் வெளியிட்டவர்களில் கல்லூரியின் முதல் தலைவர் ஃபோர்ட்டுனாட்டோ கிறிஸ்டோபலும் ஒருவர். இறப்பு குறைந்த பெருமை முழுவதையும் ஒரு கல்லூரிக்கே எழுதிவிட முடியாது என்றாலும், அலட்சியம் செய்யக்கூடிய மாற்றமும் அல்ல.

இந்தியாவுக்கு இதெல்லாம் புதிதும் அல்ல. 1946லேயே போர் (Bhore) என்பவர் தலைமையிலான சுகாதாரக் குழு, மருத்துவ மாணவருக்கு மூன்று மாதம் சமூக மருத்துவப் பயிற்சி வேண்டும் என்று எழுதியது. மகாராஷ்டிரத்தின் சேவாகிராமத்தில் சுசீலா நய்யார் 1969இல் தொடங்கிய மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் முதலில் ஆசிரமத்தில் பதினைந்து நாள் தங்குவார்கள், கதர் உடுத்துவார்கள். பிறகு ஒவ்வோர் அணிக்கும் ஒரு கிராமம். ஒவ்வொரு மாணவருக்கும் அங்கே சில குடும்பங்கள். முதலில் முகாமாக ஊரிலேயே தங்கி, பின்னர் மாதம்தோறும் அதே வீடுகளுக்குப் போய் வருவார்கள். ஒரு காலத்தில் அந்தக் கல்லூரியின் நுழைவுத்தேர்வில் காந்திய சிந்தனைக்கென்றே தனித்தாள் இருந்தது. அதை மனப்பாடம் செய்து எழுதியவர்களும் நிறைய இருந்திருப்பார்கள், அது வேறு விஷயம். இதைவிட முக்கியம் அங்கே கிராமத்தார் சோளம் கொடுத்து நடத்திய காப்பீடு. அறுவடையின்போது நிலத்தின் அளவுக்கேற்ப ஒவ்வொரு குடும்பமும் சோளம் அளந்து கொடுக்கும். பதிலுக்குக் கல்லூரியின் கஸ்தூர்பா மருத்துவமனையில் சிகிச்சை. சோளம் கொடுத்தவர் வார்டில் பங்குதாரராகப் படுத்திருப்பார். "ஏன் இத்தனை நேரம் காக்க வைத்தீர்கள்?" என்று கேட்க அவருக்கு வாய் இருந்தது. அந்தக் கேள்வியைக் காதில் கேட்டுக்கொண்டு படித்த மாணவர்கள் அங்கே உண்டு.

வேலூர் சி.எம்.சி.யின் கதை தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்ததே. ஐடா ஸ்கடர் தொடங்கிய அந்த நிறுவனத்தின் சமூக மருத்துவப் பிரிவு கணியம்பாடி வட்டாரத்தில் பல பத்தாண்டுகளாக வேர்விட்டிருக்கிறது. முதலாண்டு மாணவர்கள் ஒரு கிராமத்தில் தங்கி வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பார்கள். ஊர்ப் பெண்களே பகுதிநேர சுகாதாரப் பணியாளர்கள். அவர்களுக்கு மேலே சுகாதார உதவியாளர், செவிலியர், அதன் பிறகே டாக்டர். எந்த வீட்டில் யார் கர்ப்பம், எந்தக் குழந்தைக்கு எடை ஏறவில்லை என்று டாக்டருக்குச் செய்தி மேலேறி வரும். வரப்போகும் டாக்டர், தகவலுக்குத் தான் அந்தப் பெண்ணைச் சார்ந்திருப்பதைப் படிக்கும் காலத்திலேயே பார்த்துவிடுகிறார்.

இந்த இரண்டையும் தாண்டி நாடு முழுவதும் செய்ய முயன்றபோதுதான் சறுக்கியது. 1977இல் வந்த 'ரோம்' என்ற மறுசீரமைப்புத் திட்டம், ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று வட்டாரங்களின் சுகாதாரப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்றது. நடமாடும் மருத்துவ வண்டிகள் வந்தன. பேராசிரியர்கள் வரவில்லை. சமூக மருத்துவத் துறையின் தலையில் அந்த வேலை விழுந்தது. திட்டத்தின் எந்தப் படியிலும் ஊர் மக்களுக்கு வேலை எதுவும் வைக்கப்படவில்லை. வண்டி வந்தால் வரிசையில் நிற்பது மட்டுமே அவர்கள் பங்கு. வண்டி நின்றபோது ஏன் வரவில்லை என்று கேட்கும் அமைப்பும் ஊரில் இல்லை.

இப்போது அதன் பேரப்பிள்ளை வந்திருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையம் 2021-22 கல்வியாண்டில் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களிலிருந்து குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. முதலில் மாணவருக்கு ஐந்து குடும்பம் என்றார்கள். பிறகு குறைந்தபட்சம் மூன்று என்று ஆனது. மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒதுக்கப்பட்ட நேரம் 27, 30, 21 என மொத்தம் 78 மணி. கல்லூரிப் பேருந்து ஊருக்குள் வரும். மாணவர்கள் இறங்கிப் பிரஷர் பார்ப்பார்கள், எடை பார்ப்பார்கள், படிவம் நிரப்புவார்கள், படம் எடுப்பார்கள், மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். 78 மணி என்றால் மூன்றேகால் நாள். வடக்கு ஒண்டாரியோ மாணவர் முதலாண்டில் மட்டும் 28 நாள் தங்குகிறார்.

நேரக் குறைவை மன்னித்துவிடலாம்; லட்சத்துக்கு மேல் எம்.பி.பி.எஸ். இடங்கள் உள்ள நாட்டில் எல்லோரையும் மாதக்கணக்கில் கிராமத்தில் தங்கவைப்பது எளிதல்ல. மன்னிக்க முடியாதது, திட்டத்தில் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் இடம். குடும்பம் தத்தெடுக்கப்படுகிறது, விசாரிக்கப்படுகிறது, அறிவுரை பெறுகிறது. மாணவரின் பயிற்சிப் பதிவேடான லாக் புக்கில் ஆசிரியர் கையெழுத்திடுகிறார். அந்தப் பையன் வாசலில் நின்று பேசினானா, திண்ணையில் உட்கார்ந்தானா, போன முறை சொன்ன ரத்தப் பரிசோதனை முடிவைக் கொண்டுவந்து கொடுத்தானா, கொடுத்த தண்ணீரைக் குடித்தானா என்பதெல்லாம் வீட்டுக்காரருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள். கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக எண்ணிவிட வேண்டாம். தெருவுக்குத் தெரு சாதி பிரிந்திருக்கும் கிராமத்தில், எந்த மாணவர் எந்த வீட்டுக்குள் நுழைந்தார், எந்த வீட்டில் தண்ணீர் குடித்தார் என்பது அவர் எப்படிப்பட்ட டாக்டராக வருவார் என்பதைச் சொல்லிவிடும். அதைக் கவனிக்கிறவர்கள் அந்தத் தெருக்காரர்கள்.

சேர்க்கையில் ஊருக்கு இடம் என்பது இங்கே இன்னும் எட்டாக் கனி. நீட் மதிப்பெண் ஒன்றே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. தன் பழைய நேர்காணல் முறையைக் கைவிட மறுத்து 2017இல் சி.எம்.சி. 100 எம்.பி.பி.எஸ். இடங்களில் 99ஐக் காலியாக விட்டது. 2020இல் உச்ச நீதிமன்றம் நீட் தேர்வு அனைவருக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாடு அதே ஆண்டு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு கொண்டுவந்தது. உள்ளூர்ப் பிள்ளைகள் டாக்டராவதற்கு இன்று சட்டம் அனுமதிக்கும் வழிகளில் அது உருப்படியான ஒன்று. அப்படிச் சேர்ந்தவர்கள் பின்னர் எங்கே பணியாற்றுகிறார்கள் என்பதை அரசு தொடர்ந்து கணக்கெடுத்து வெளியிட்டால் வாதங்களுக்கு வேலை குறையும்.

பயிற்சியிலும் மதிப்பீட்டிலும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சுயஉதவிக் குழுக்களைச் சேர்ந்த ஊர்ப் பெண்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். யார் மாத்திரையை விழுங்குகிறார், யார் வாங்கி அலமாரியில் வைக்கிறார், யார் பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறார் என்பதெல்லாம் இந்தப் பெண்களுக்குத் தெரியும். மருத்துவ மாணவர் கிராமத்துக்குப் போகும் நாளில் அவருக்கு வழிகாட்டியாக, மதிப்பூதியம் பெறும் ஆசிரியராக இவர்களில் ஒருவரை நியமிப்பதற்கு என்ன தடை? நர்ஸம்மா என்று ஊர் அழைக்கும் கிராம சுகாதார செவிலியரையும் சேர்த்துக்கொள்ளலாம். மாணவருக்காகக் கூலி வேலையை விட்டுவிட்டு வீட்டில் காத்திருக்கும் குடும்பத்துக்கும் அந்த நாளின் கூலியைக் கல்லூரி கொடுக்க வேண்டும். பாரோஸின் நடிப்பு நோயாளிகளுக்கே கூலி கிடைத்தபோது, உண்மை நோயாளியின் நேரம் இலவசமாக இருப்பதில் நியாயமில்லை.

மக்களின் மதிப்பீடு நம்பத்தகுந்ததா, பிடித்தவனுக்குக் கூட்டிப் போட மாட்டார்களா என்று பேராசிரியர்கள் கேட்பார்கள். வாய்மொழித் தேர்வு மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் அப்படிப் போட்டதே இல்லையா என்று திருப்பிக் கேட்கலாம். பிரிட்டனில் குடும்ப மருத்துவராகப் பயிற்சி பெறுகிறவர், தான் பார்த்த நோயாளிகள் நிரப்பிக் கொடுத்த கருத்துப் படிவங்களைத் தன் பயிற்சிக் கோப்பில் சேர்க்க வேண்டும். ஒருவர் சொன்னது தப்பாக இருக்கலாம். பலர் ஒரே குறையைச் சொன்னால் பயிற்றுநர் கூப்பிட்டுப் பேசுவார்.

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. ராமநாதபுரம், அரியலூர், கள்ளக்குறிச்சி, நீலகிரி, நாகப்பட்டினம் என அதுவரை அரசு மருத்துவக் கல்லூரி காணாத மாவட்டங்கள் அவை. பழைய கல்லூரிகளைப் போல இறுகிப்போன வழக்கங்கள் இவற்றுக்கு இல்லை. குடும்பத் தத்தெடுப்புத் திட்டமும் இந்தக் கல்லூரிகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடங்கியவை. லாக் புக்கை அச்சடிப்பதும் உள்மதிப்பீட்டை நடத்துவதும் கல்லூரிகளே. மாணவரின் வருகையைப் பற்றிக் குடும்பத்தார் என்ன நினைக்கிறார்கள் என்று எழுத அதில் அரைப்பக்கமும், எழுதத் தெரியாதவர் சொல்வதை எழுதிக்கொள்ள ஒரு தன்னார்வலரும் போதும். அடுத்த கல்வியாண்டுக்கான லாக் புக் அச்சுக்குப் போகும் முன் இந்தக் கல்லூரிகளின் முதல்வர்கள் அந்த அரைப்பக்கத்தைச் சேர்க்க வேண்டும்.